தம்பியின் ராணுவ ரெக்கார்டில் ஏறிய பழி: புகாருக்குப் பிறகு வந்த மதிப்பீட்டை மாற்ற முடியுமா?

மதுரைக்கார_அக்கா:

வணக்கம். அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர்கள் இங்கே சிலர் உண்டு என்று தெரியும், அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி அமெரிக்காவுக்குப் படிக்க வந்த இடத்தில், ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்க்கும் மாவ்னி திட்டத்தில் ஆர்மியில் சேர்ந்தவன். தமிழ் தெரியும் என்பதுதான் அவன் காட்டிய தகுதி. குடியுரிமையும் அப்படியே வந்தது. பிறகு சார்ஜென்ட் ஆனான். வேலை மோட்டார் பூலில், அதாவது படையின் வண்டிகளைப் பராமரிக்கும் இடத்தில். வண்டியைச் சோதித்து 5988 என்ற படிவத்தில் குறைகளை எழுத வேண்டும். ஒரு பெரிய பயிற்சிக்கு முன்னால், பிரேக் பார்க்காத வண்டிகளைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். முதலில் தன் மேலாளரான பிளட்டூன் சார்ஜென்ட்டிடம் சொன்னான். அங்கே ஒன்றும் நடக்காததால், ராணுவத்துக்குள் புகார்களை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் ஜெனரல், அதாவது ஐஜி அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அதுவரை அவனுக்கு வந்த மதிப்பீடுகள் எல்லாமே நல்லவை. ஐஜியிடம் போன மூன்றாம் மாதம் வந்த என்சிஓஇஆரில் (சார்ஜென்ட்களுக்கான மதிப்பீட்டு அறிக்கை) ரேட்டர், அதாவது மதிப்பிடும் மேலதிகாரி, 'தரத்தை எட்டவில்லை' என்று போட்டுவிட்டார். அவருக்கும் மேலே மதிப்பிடும் சீனியர் ரேட்டர் 'தகுதியில்லை'. அதை வைத்துப் பணி நீட்டிப்புக்குத் தடை போட்டார்கள், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெளியே அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் ஹானரபிள்தான், கௌரவமான விடுவிப்பு. ஆனால் பணி முடிந்ததும் தரும் சான்றான டிடி 214இல் மறுசேர்க்கைக் குறியீடு 3, அதாவது விதிவிலக்கு கிடைத்தால்தான் மறுபடி சேர முடியும். பகுதி நேரப் படையான நேஷனல் கார்டில் சேரலாம் என்று போனான். ரெக்ரூட்டர் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்ததும் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

வெளியே வந்து 14 மாதம் ஆகிறது. இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். ஊரில் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, "போஸ்டிங் மாறியிருக்கிறது" என்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஐஜி புகார் என்ன ஆயிற்று என்று கேட்டால், வண்டி விஷயத்தை "சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பினோம்" என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது. அவனுக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதைத் திருத்த வழி உண்டா? வக்கீல் வைக்க இப்போது கையில் காசில்லை.

சார்ஜென்ட்_ராசு:

அக்கா, 20 வருஷம் இருந்துவிட்டு வந்தவன் நான். முதலில் ஒன்றைக் கேட்கிறேன். தம்பி ஐஜியிடம் கொடுத்தது எத்தனை புகார்? பிரேக் பற்றி ஒன்று. "நான் புகார் கொடுத்ததால் என்னைப் பழிவாங்குகிறார்கள்" என்று தனியாக இரண்டாவது கொடுத்தானா?

மதுரைக்கார_அக்கா:

இல்லை. அதுவே ஐஜிக்குத் தெரியும்தானே, தனியாக எதற்கு என்று நினைத்திருக்கிறான்.

சார்ஜென்ட்_ராசு:

இங்கேதான் நம் பையன்கள் பாதிப் பேர் விழுகிறார்கள். பிரேக் விஷயத்தை விசாரிப்பது ஒரு வேலை, பழிவாங்கலை விசாரிப்பது வேறு வேலை. சட்டம் 1988இல் வந்தது, பெயர் ராணுவ விசில்புளோயர் பாதுகாப்புச் சட்டம். புழக்கத்தில் அதன் பிரிவு எண்ணைத்தான் சொல்வோம்: 1034. அதன்படி பழிவாங்கல் புகாரை நடவடிக்கை தெரிய வந்த ஒரு வருஷத்துக்குள் ஐஜியிடம் கொடுக்க வேண்டும். முன்பு வெறும் 60 நாள்தான் இருந்தது. தம்பி அந்த ஒரு வருஷத்தையும் தாண்டிவிட்டான். வலுவான காரணம் இருந்தால் தாமதமானதையும் எடுப்பார்கள், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது.

மனசு விட வேண்டாம். இன்னொரு கதவு இருக்கிறது. ஐஜி "ஆமாம், பழிவாங்கல்தான்" என்று எழுதினாலும் ரெக்கார்டில் ஒரு புள்ளி மாறாது. ஐஜி கண்டுபிடிப்பவர், தாளை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. மாற்றுவது ராணுவப் பதிவுகள் திருத்த வாரியம், ஆர்மிக்கு ஏபிசிஎம்ஆர். அங்கே பிழை தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருஷம் அவகாசம். ஐஜி அறிக்கை இல்லாமலும் அங்கே 1034 பேசலாம். தம்பிக்குக் காலம் இருக்கிறது.

கேள்விக்குறி:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். அந்த வாரியத்தில் உட்காருவது யார்? அதே ராணுவத் துறையின் சிவிலியன் ஊழியர்கள். திருடனிடமே சாவி கொடுப்பது போல இல்லையா? ஐஜியிடம் போகும் பழிவாங்கல் புகார்களில் பெரும்பாலானவை 'நிரூபணமாகவில்லை' என்று மூடப்படுபவை. ஆசை காட்டி இன்னும் இரண்டு வருஷம் அலைய விடாதீர்கள்.

இன்னொன்று, யாருக்கும் பிடிக்காது என்றாலும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில், மோசமான மதிப்பீடு வரப்போகிறது என்று மோப்பம் பிடித்ததும் ஓடிப்போய் ஏதாவது புகார் கொடுத்துவிட்டு "தொட்டால் பழிவாங்கல்" என்று உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தம்பி அப்படி என்று சொல்லவில்லை. வாரியம் அப்படித்தான் சந்தேகப்படும்.

கோர்ட்டுப்_பூனை:

கேள்விக்குறி சொன்னதில் இரண்டாவது பத்தி ரொம்பச் சரி, அதை வைத்தே ஆரம்பிக்கிறேன். நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீசில் இந்த மாதிரி விண்ணப்பங்களுக்குத் தாள் அடுக்கும் வேலை. அதனால் இதைச் சட்ட ஆலோசனை என்று எடுக்க வேண்டாம். முன்னாள் படைவீரர்களுக்கு இலவசமாக உதவும் சட்டக் கல்லூரி மையங்கள் பல ஊர்களில் உண்டு, அங்கே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

1034 விஷயத்தில் நாலு கேள்விதான். சட்டம் காக்கிற மாதிரியான புகார் ஒன்றைச் சொன்னானா? அவனுக்குப் பாதகமான நடவடிக்கை ஒன்று நடந்ததா? அதை எடுத்தவருக்குப் புகார் விஷயம் தெரிந்திருந்ததா? புகாரே இல்லாதிருந்தாலும் அந்த நடவடிக்கை வந்திருக்குமா?

முதல் இரண்டும் தம்பிக்குப் பிரச்சினையே இல்லை. பிரேக் பார்க்காமல் கையெழுத்து என்பது விதி மீறல், ஆபத்தும்கூட. ஐஜியிடம் சொன்னது மட்டுமில்லை, பிளட்டூன் சார்ஜென்ட்டிடம் சொன்னதே காக்கப்பட்ட பேச்சு, ஏனென்றால் அவர் கமாண்ட் வரிசையில் இருப்பவர். மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். ரேட்டருக்குத் தெரியும் என்று நமக்குத் தெரிந்தால் போதாது, தாளில் தெரிய வேண்டும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கூட இருந்த சிப்பாயின் கையெழுத்திட்ட வாக்குமூலம், எது கிடைத்தாலும் சரி.

நாலாவதில்தான் கேஸ் நிற்பதும் விழுவதும். சிவிலியன் அரசு ஊழியர் என்றால், புகார் இல்லாவிட்டாலும் இதையே செய்திருப்போம் என்று அரசாங்கம் தெளிவான, நம்பத்தக்க சான்றோடு காட்ட வேண்டும். சீருடைக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். வாரியமோ அதிகாரிகள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் கோப்பைத் திறக்கும். அதை உடைக்க வேண்டியது நாம். அதனால் ரேட்டர் கெட்டவர் என்று பத்துப் பக்கம் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. காரணமாகக் காட்டியிருக்கிறார்களே, அந்தத் தாள்களை எடுங்கள். தம்பியின் கோப்பில், மேலதிகாரி குறையையோ நிறையையோ எழுதி வைக்கும் கவுன்சிலிங் தாள்கள், அதாவது 4856, எத்தனை இருக்கிறது? அவற்றின் தேதிகள் என்ன? இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வாரியம் ராணுவத்தின் சொந்த ஆட்கள்தானே என்றால், ஆமாம். ஆனால் வேறு எங்கே போவது? அரசாங்கத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட 1950லும், மேலதிகாரி மேல் போட 1983லும் வந்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வழியை அடைத்துவிட்டன. 1983 வழக்கில் கடற்படையைச் சேர்ந்த ஐந்து பேர், இனப் பாகுபாடு என்று தங்கள் மேலதிகாரிகள் மேல் போட்டார்கள். முடியாது என்ற நீதிமன்றம், திருத்த வாரியம் போன்ற வழிகளை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வைத்திருக்கிறதே என்று காட்டியது. பிறகு நீதிமன்றம் போனாலும், வாரியத்தின் முடிவு மனம்போன போக்கில் எடுக்கப்பட்டதா என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். ஆகவே வாரியத்தின் முன் வைக்கிற கோப்புதான் உங்கள் வழக்கு. விசாரணைக்கு அழைப்பார்கள், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள். அநேகமாக அழைக்கவே மாட்டார்கள்.

பழங்கணக்கு:

பூனை சொன்னதற்கு ஒரு முன்கதை. 1946 வரை இந்த வாரியங்களே கிடையாது. ரெக்கார்டில் தப்பு என்றால் உங்கள் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினரைப் பிடித்து, உங்கள் ஒருவருக்காகத் தனி மசோதா போட வைக்க வேண்டும். அப்படிக் குவிந்த மசோதாக்களில் மூச்சு முட்டித்தான் காங்கிரஸ் இந்த வேலையைச் சிவிலியன் வாரியங்களிடம் தள்ளிவிட்டது. நீதிக்காகத் தொடங்கியதா, தலைவலி தீரத் தொடங்கியதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

1988 சட்டத்துக்கும் ஒரு கதை உண்டு. டல்லாஸ் கடற்படை விமான தளத்தில் ஒரு ரிசர்வ் சீஃப் பெட்டி ஆபீசர் சம்பளக் கணக்கில் மோசடி என்று சொன்னார். அவரைக் கொண்டுபோய் மனநல வார்டில் அடைத்தார்கள். 1984இல் நடந்தது. பார்பரா பாக்ஸர் அந்தச் சட்டத்தைக் காங்கிரஸில் கொண்டுவந்ததற்கு இது மாதிரி விஷயங்கள்தான் பின்னணி. பைத்தியக்காரப் பட்டம் கட்டுவது எந்த ஊரிலும் மலிவான ஆயுதம்.

கேள்விக்குறி:

அதெல்லாம் பெரிய இடத்துக் கதை. பேர் தெரிந்தவர்களுக்குத்தான் நீதி. யெவ்கெனி விண்ட்மேன் விஷயத்தில் 2022இல் பாதுகாப்புத் துறை ஐஜி பழிவாங்கல்தான் என்று எழுதினார். அவர் லெப்டினன்ட் கர்னல், வெள்ளை மாளிகையில் வக்கீல். மோட்டார் பூல் சார்ஜென்ட்டுக்கு யார் எழுதுவார்கள்?

பழங்கணக்கு:

பேர் தெரிந்தவர்களுக்கும் லேசாக வருவதில்லை. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் கிராமத்து மக்களைக் கொன்ற மைலாய் படுகொலையன்று ஹெலிகாப்டரை நடுவில் இறக்கிக் கிராமத்து மக்களைக் காப்பாற்றிய ஹியூ தாம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதலில் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அதன் சான்றுரையில் "கடும் குறுக்குத் துப்பாக்கிச் சூட்டில்" சிக்கிய குழந்தையை மீட்டார் என்று இருந்தது. குறுக்குத் துப்பாக்கிச் சூடு எங்கே இருந்தது? எதிரியே இல்லை, சுட்டது இவர்கள் ஆட்கள். அவர் பதக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டார். நடந்ததை நடந்தபடி சொல்லி சோல்ஜர்ஸ் மெடல் கொடுக்க 1998 ஆயிற்று, முப்பது வருஷம். ரெக்கார்டில் பொய் திட்டாகத்தான் ஏறும் என்றில்லை, பாராட்டாகவும் ஏறும்.

வேலூர்_ஹவில்தார்:

நான் இந்திய ராணுவத்தில் 22 வருஷம். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் பட்டாளத்துக்காரர்கள், கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இந்தக் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்தது, உலகம் பூரா ஒரே மோட்டார் பூல்தான் போல. இங்கே ரகசிய அறிக்கை கெட்டுப்போனால் முதலில் துறைக்குள் மனு, பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007 சட்டம், சென்னையிலும் ஒரு பெஞ்ச் இருக்கிறது. நீதிபதி ஒருவர், ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர் உட்காருவார்கள். வக்கீல் நின்று வாதாடலாம். ஆனால் இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அங்கே மூன்று வருஷம் என்று கேட்கவே பொறாமையாக இருக்கிறது.

தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள் தாயி. தனியாக உட்கார்ந்து யோசிக்க விடாதீர்கள். சீருடையைக் கழற்றிய முதல் வருஷம் நல்லபடி வந்தவனுக்கே கஷ்டம்.

மதுரைக்கார_அக்கா:

ஐயா, நன்றி. நீங்கள் சொன்னதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பேசவில்லை, ஆனால் எழுந்துபோய் ஒரு பெட்டியை எடுத்துவந்தான். பிரிக்கவே இல்லாமல் வைத்திருந்த தாள்கள்.

நேற்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் தேதி வாரியாகப் பரப்பினோம். ஐபெர்ம்ஸ் என்ற ராணுவத்தின் இணையக் கோப்பிலிருந்து எடுத்த பிரதிகளும் இருந்தன. 4856 மொத்தம் நாலு. சேர்ந்ததிலிருந்து ஐஜியிடம் போகும் வரை ஒன்றே ஒன்று, அதுவும் பாராட்டு. ஐஜிக்குப் பிறகு பதினொரு நாளில் மூன்று. தாமதம், மரியாதைக் குறைவு, கருவியைத் திரும்ப வைக்கவில்லை.

மூன்றாவது தாளைப் பார்த்து நான்தான் கத்திவிட்டேன். அந்தத் தேதியில் அவன் மதுரையில் இருந்தான். பாட்டி தவறிப்போய்ப் பதினாறாம் நாள் காரியம், நானும் கூட இருந்தேன். அந்தத் தாளில் அவன் கையெழுத்துப் போடும் இடத்தில் "கையெழுத்திட மறுத்தார்" என்று எழுதியிருக்கிறது. அடப்பாவிகளா, பிண்டம் வைத்துக்கொண்டிருந்தவன் எப்படி அங்கே நின்று மறுத்தான்?

சார்ஜென்ட்_ராசு:

அக்கா!!! லீவுத் தாள் இருக்கிறதா? டிஏ 31?

மதுரைக்கார_அக்கா:

இருக்கிறது. எமர்ஜென்சி லீவு, கமாண்டரே கையெழுத்துப் போட்டது. பாஸ்போர்ட்டில் சென்னை விமான நிலைய முத்திரையும் இருக்கிறது, போனது வந்தது இரண்டும். இவன் இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லையாம். "அந்தத் தாள்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை" என்கிறான். இதை "போலி ஆவணம், கிரிமினல் குற்றம்" என்று பெரிய எழுத்தில் எழுதலாமா?

கோர்ட்டுப்_பூனை:

வேண்டாம் அக்கா. கத்த வேண்டிய வேலையை அந்த மூன்று தாளே செய்யும். 4856, டிஏ 31, பாஸ்போர்ட் பக்கம், மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, "இந்தத் தேதியில் விண்ணப்பதாரர் கமாண்டர் ஒப்புதலுடன் விடுப்பில் இந்தியாவில் இருந்தார்" என்று ஒரு வரி போதும். 'போலி' என்று நீங்கள் சொன்னால் அதை நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில். தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று ரேட்டர் சொல்லக்கூடும். சொல்லட்டுமே. மதிப்பீட்டுக்கு ஆதாரமாக வைத்த தாள் நம்பத்தக்கதல்ல என்று ஆகிவிட்டால் நமக்குப் போதும், நாலாவது கேள்வியில் தராசு இந்தப் பக்கம் சாய்கிறது.

இப்போது வாரியத்துக்கான விண்ணப்பப் படிவமான டிடி 149க்கு வாருங்கள். சட்டத்தின் வார்த்தை 'பிழையைத் திருத்துதல் அல்லது அநீதியை நீக்குதல்'. இரண்டையும் சொல்லுங்கள். விதிப்படி எல்லாம் சரி என்று வாரியம் நினைத்தாலும் அநீதி என்று தர வழி இருக்கிறது. 1034 என்ற எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள். பழிவாங்கல் என்று குறிப்பிட்ட விண்ணப்பத்துக்கு 180 நாளில் இறுதி முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சொல்லாவிட்டால் உள்வழிகள் தீர்ந்ததாகக் கருதி அடுத்த படிக்குப் போகலாம். வாரியம் மறுத்தால் பாதுகாப்பு அமைச்சரிடம் மறுபரிசீலனை, அதுவும் 1034 விண்ணப்பத்துக்கு மட்டும். சாதாரண விண்ணப்பமாகப் போட்டால் இந்த இரண்டும் போச்சு.

அப்புறம் என்ன வேண்டும் என்று கேட்பது. இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். "எனக்கு நீதி வேண்டும்" என்று எழுதினால் வாரியம் என்னத்தைச் செய்யும்? என்சிஓஇஆரை நீக்கி அந்தக் காலத்தை மதிப்பிடப்படாத காலமாகக் காட்ட வேண்டும். மூன்று 4856 கோப்பில் இருந்தால் அவையும் போக வேண்டும். பணி நீட்டிப்புத் தடையை ரத்து செய்ய வேண்டும். மறுசேர்க்கைக் குறியீடு, தடையில்லாமல் சேரலாம் என்ற 1 ஆக வேண்டும். மதிப்பீட்டை மட்டும் நீக்கிவிட்டு, அதனால் வந்த தடையை அப்படியே விட்டுவிடுவார்கள், கேட்காவிட்டால். சம்பள பாக்கி கேட்கலாம். ஒப்பந்தம் முடிந்து வந்தவனுக்கு அது கிடைப்பது கடினம், ஆனாலும் கேட்டு வையுங்கள்.

சார்ஜென்ட்_ராசு:

பூனை விட்டது ஒன்று. 214ஐத் திருத்தும்போது சில சமயம் டிடி 215 என்று ஒரு துண்டுத் தாளை ஒட்டி அனுப்புவார்கள். பழைய 214 அப்படியே இருக்கும், கூடவே "இந்தக் கட்டத்தில் 3 என்பதை நீக்கி 1 என்று சேர்க்க" என்று 215. வேலைக்குப் போகிற இடத்தில் இரண்டையும் சேர்த்துத்தானே காட்ட வேண்டும்? என்னடா இது, முன்னால் ஏன் 3 என்று கேட்பான். எனக்குத் தெரிந்த ஒருவன் ஜெயித்த பிறகும் ஒவ்வொரு இன்டர்வியூவிலும் கதை சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் "புதிய டிடி 214 வழங்க வேண்டும்" என்றே கேளுங்கள்.

கேள்விக்குறி:

சரி, அந்த மதுரைத் தாளைப் பார்த்த பிறகு நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். இது நிற்கும் போலத்தான் இருக்கிறது. ஆனால் ரேட்டருக்கு ஐஜி விஷயம் தெரியும் என்பதற்குத் தாள் இருக்கிறதா? மூன்றாவது கேள்வி அப்படியே தொங்குகிறதே.

மதுரைக்கார_அக்கா:

இருக்கிறது. பிளட்டூன் சார்ஜென்ட் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தி, பழைய போனில். "நீ எங்கே போய்ப் பேசினாய் என்று மேலே எல்லோருக்கும் தெரியும், தலையைக் குனிந்து இரு." மிரட்டலாக அனுப்பினாரா, அக்கறையாக அனுப்பினாரா என்று தம்பிக்கே தெரியவில்லை. இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கூப்பிட்டுப் பேசினான். வாக்குமூலம் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் எடுத்துக்கொண்டுதான் சொன்னார்.

கோர்ட்டுப்_பூனை:

இரண்டு நாள் எடுத்துச் சொன்னவர் பின்வாங்க மாட்டார், பெரும்பாலும். "மேலே எல்லோருக்கும்" என்பதில் ரேட்டரும் சீனியர் ரேட்டரும் உண்டா என்று வாக்குமூலத்தில் பதவியோடு சொல்லச் சொல்லுங்கள். குறுஞ்செய்தியைத் தேதியும் எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். அந்தப் பழைய போனை விற்றுவிடாதீர்கள்.

விண்ணப்பம் போன பிறகு, வாரியம் வேறு பிரிவிடம் கருத்து வாங்கினால் அதைத் தம்பிக்கும் அனுப்பிப் பதில் கேட்பார்கள். அந்தக் கருத்து அநேகமாக "மாற்றத் தேவையில்லை" என்றே வரும். அதைப் பார்த்து இடிந்துபோய் உட்காராமல் பதில் எழுத வேண்டும், முகவரி மாறினால் உடனே சொல்ல வேண்டும். பழைய தீர்ப்புகளைப் பெயர் நீக்கி இணையத்தில் போட்டிருக்கிறார்கள், என்சிஓஇஆர், 1034 இரண்டும் வருகிற பத்து முடிவுகளையாவது படிக்கச் சொல்லுங்கள். தோற்ற கேஸ்களை முக்கியமாக.

மதுரைக்கார_அக்கா:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். சட்டக் கல்லூரி மையத்தில் ஒரு மாணவியும் அவருடைய பேராசிரியரும் பார்த்துக் கொடுத்தார்கள். தம்பி முதலில் எழுதியது பதினேழு பக்கம். அவர்கள் அதை நாலு பக்கமாக்கினார்கள். பாட்டியைப் பற்றி அவன் எழுதிய பத்தியை எடுக்கச் சொன்னபோது மட்டும் முடியாது என்றான். கடைசியில் ஒரு வரி நின்றது.

நேற்று அனுப்பிவிட்டோம். பிளட்டூன் சார்ஜென்ட்டின் வாக்குமூலம் மூன்று பத்தி, ரேட்டர் பெயர் இருக்கிறது.

சார்ஜென்ட்_ராசு:

நல்லது அக்கா. 214 மூலத்தை அனுப்பிவிடவில்லையே? நகல்தானே?

மதுரைக்கார_அக்கா:

நகல்தான். மூலம் அந்தப் பழைய போனோடு ஒரே கவரில் இருக்கிறது. அம்மாவிடமும் நேற்று ராத்திரி அவனே போனில் சொல்லிவிட்டான். "பிரேக் இல்லாத வண்டியில் ஏறாமல் வந்தாயே, அதுவே போதும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்களாம்.